மாதவி நடித்தாளா?

எங்கள் தெருவில் ஒரு தையல்காரம்மா இருந்தார். உழவர்கரையில், வில்லியனூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு அது. பள்ளிக்கூடப் பாவாடை முதல் கல்யாண ரவிக்கை வரை தெருவே அவரிடம்தான் தைக்கக் கொடுக்கும். ஆனால் அவரைப் பெயர் சொல்லி யாரும் குறிப்பிட்டதில்லை. ‘சின்னவீடு’ என்பார்கள். மில்லில் வேலைபார்த்த ஒருவர், வேறு தெருவில் மனைவியும் பிள்ளைகளும் உள்ளவர், பதினைந்து வருஷத்துக்கும் மேலாக அந்த வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்.

அவர் இறந்தபோது நான் எட்டாவது படித்தேன். பாடை எங்கள் தெருமுனையைக் கடந்துதான் போனது. தையல்காரம்மா பூவரச மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கிட்டே போகவில்லை. பாடை கடந்த பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். திண்ணையில் என்னோடு உட்கார்ந்திருந்த என் ஆயா சொன்னார்: “நடிப்பைப் பாரு. இவளும் அந்த மாதவி மாதிரிதான்.”

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்குத் தெரிந்த மாதவி, விடிய விடிய உட்கார்ந்து பார்த்த கோவலன் நாடகத்து மாதவி. சிலப்பதிகாரம் என்றொரு புத்தகம் இருப்பது அவருக்குத் தெரியாது. நான் அந்தப் புத்தகத்தைப் படித்து, பட்டம் வாங்கி, இப்போது கல்லூரியில் பாடமும் சொல்லித்தருகிறேன். வகுப்பில் கானல்வரி முடிகிற அன்று ஏதாவதொரு மாணவி தவறாமல் கேட்பாள்: “மாதவி நிஜமாவே கோவலனைக் காதலிச்சாளா மேடம்?” ஒவ்வொரு முறையும் எனக்கு ஆயாவின் குரல்தான் முதலில் கேட்கும். இந்தக் கட்டுரை அந்தக் குரலுக்கு நான் தரும் தாமதமான பதில்.

கோவலன் நாடகத்தைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடியில் பிறந்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பக்கவாதம் வந்து பேச்சிழந்த நிலையிலும் நாடகக் குழுவோடு ஊர் ஊராக வந்தவர், 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். அவருடைய சமாதி எங்கள் உழவர்கரை நகராட்சிக்குள் வரும் கருவடிக்குப்பத்தில்தான் இருக்கிறது. நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் அங்கே வந்து மாலை போடுவார்கள். ஆயாவின் மாதவியைத் தேடி நான் முதலில் போன இடமும் அதுதான்.

ஒரு செய்தியை இங்கே நினைவில் வைக்க வேண்டும். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டுவந்தது 1892இல். அதற்கு முன்பும், அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கும், சாதாரண மக்கள் அறிந்த கதை புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘கோவலன் கதை’ என்ற கதைப்பாடல். மேடைக் கோவலன் அதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டான். கதைப்பாடலில் கண்ணகி காளியின் அவதாரம். மாதவியோ ஆணின் சொத்தைக் கறந்துவிட்டுத் தெருவில் விடுகிற தாசி. அவளுடைய மாலை கோவலன் கழுத்தில் தானாக வந்து விழுந்துவிடுகிறது. பாவம், அவன் என்ன செய்வான்?

சிலப்பதிகாரத்தில் அந்த மாலை பறந்து வரவில்லை. அரங்கேற்று காதையைத் திறந்து பாருங்கள். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயிற்சி பெற்று, பன்னிரண்டு வயதில் மாதவி சோழன் முன் ஆடுகிறாள். தலைக்கோல் பட்டமும் பச்சை மாலையும் பரிசு. மாலையின் விலை 1,008 கழஞ்சு பொன். அதை வாங்குகிறவன் எவனோ அவனே மாதவிக்கு உரியவன். கூனி ஒருத்தி அந்த மாலையை எடுத்துக்கொண்டு செல்வர் வீட்டு இளைஞர்கள் உலாவும் தெருவில் நிற்கிறாள். கோவலன் விலை கொடுத்து வாங்குகிறான். கூனியோடு மாதவியின் வீட்டுக்குப் போகிறான். தன் வீட்டை மறக்கிறான்.

வாங்கியவனுக்கு ஒரு தேர்வு இருந்தது. தெருவில் நடந்த எத்தனையோ பேர் வாங்காமல் போயிருப்பார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் தேர்வு இருந்ததாக இளங்கோ ஓரிடத்திலும் சொல்லவில்லை. காதல் உண்மையா என்று கேட்பதென்றால் இந்த விற்பனையிலிருந்துதான் கேட்கத் தொடங்க வேண்டும். மேடை செய்த மாற்றம் சிறியதுபோலத் தோன்றும். மாலையை வாங்கியவன் இடத்தில் மாலை விழுந்தவனை வைத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மாற்றத்தில் கோவலனின் பொறுப்பு முழுவதும் மாதவியின் தலைக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

அடுத்தது கானல்வரி. இந்திர விழா முடிந்து கடலாடப் போன இருவரும் புன்னை நிழலில் அமர்கிறார்கள். கோவலன் யாழை வாங்கி முதலில் பாடுகிறான். வேறொருத்தி மேல் ஆசை கொண்டவன் பாடுவதுபோல இருக்கிறது அந்தப் பாட்டு. மாதவிக்கு மனம் சுருங்குகிறது. வெளியே மகிழ்ந்தவள்போல யாழை வாங்கி, வேறொருவனை எண்ணுகிறவள் போலத் தானும் பாடுகிறாள். இது ஊடல். அகப்பாடல் மரபு அறிந்த யாருக்கும் இதில் வியப்பில்லை. இருவரும் செய்தது ஒன்றே. அவன் பாட்டைக் கேட்டு அவள் எழுந்து போகவில்லை, பதிலுக்குப் பாடினாள். அவள் பாட்டைக் கேட்டு அவன் எழுந்து போய்விட்டான். தன் பாட்டு வெறும் பாட்டு, அவள் பாட்டு வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டான்.

மாதவி வண்டியில் தனியே வீடு திரும்புகிறாள். வேனிற்காலத்து மாலையில் மேல்மாடத்தில் உட்கார்ந்து, தாழை மடலில், பிச்சி அரும்பைச் செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்துக் கடிதம் எழுதுகிறாள். வசந்தமாலை அதை எடுத்துக்கொண்டு போய்க் கூலக்கடைத் தெருவில் கோவலனைப் பிடித்து நீட்டுகிறாள். தானியம் விற்கும் கடைத்தெரு, ஆள் நடமாட்டம். அவன் கடிதத்தை வாங்கவில்லை. வாங்காமல் ஒரு பட்டியல் சொல்கிறான். அவள் தன்னை நோக்கி வந்தது, விலகியது, ஊடல் நாளில் பணிப்பெண் கோலத்தில் முற்றத்தில் வந்து நின்றது, பிரிவைத் தாங்காமல் மயங்கி விழுந்தது என்று தங்கள் வாழ்வின் அந்தரங்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூத்தின் பெயரை வைக்கிறான். கண்கூடு வரி, காண் வரி, உள்வரி என்று எட்டு வரிகள். ஆடற்பெண் அல்லவா, அவளுக்கு இதெல்லாம் பொருந்தும் என்று முடிக்கிறான்.

ஆயா திண்ணையில் சொன்ன “நடிப்பைப் பாரு” இதேதான். கலை கற்ற பெண்ணின் கண்ணீருக்குக் கலையே எதிர்ச்சாட்சி ஆகிறது. அவள் நன்றாக ஆடுகிறவள், ஆகவே அவள் அழுவதும் ஆட்டம். இந்தத் தர்க்கத்தில் மாட்டிக்கொண்டவளுக்கு மீட்சி கிடையாது. அழுதால் நடிப்பு, அழாவிட்டால் நெஞ்சில் ஈரமில்லாதவள். கோவலனும் நாட்டியமும் யாழும் தெரிந்த ரசிகன்தான், அவனும் பாடியவன்தான். அவன் பாசத்தை யாரும் வரி வகுத்துப் பார்க்கவில்லை.

இதோடு காப்பியம் முடிந்திருந்தால் கோவலன் சொல்லே கடைசிச் சொல்லாகியிருக்கும். இளங்கோ அப்படி விடவில்லை. மதுரைக்குப் போகும் வழியில், புறஞ்சேரி இறுத்த காதையில், கௌசிகன் என்ற அந்தணன் மாதவியின் இரண்டாவது கடிதத்தோடு வருகிறான். அதன் மண் இலச்சினையில் அவளுடைய கூந்தல் நெய்யின் மணம். சேர்ந்து வாழ்ந்த காலத்தின் மணம் அது. அதை உணர்ந்தவன் கையால் கடிதத்தை விட முடியவில்லை. முதல் கடிதத்தை வாங்கவே மறுத்தவன் இரண்டாவதைப் பிரித்துப் படிக்கிறான்.

அதில் காதல் வசனம் இல்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டிய பணியை விட்டு, குலமகளை அழைத்துக்கொண்டு, இரவோடு இரவாகப் போகும்படி நான் செய்த பிழை என்ன என்று கேட்கிறாள். படித்த கோவலன், அவள் மேல் தீதில்லை, தீது என்னுடையது என்கிறான். அந்தக் கடிதத்தின் சொற்கள் தன் பெற்றோருக்குத் தான் எழுத வேண்டியவையாகவே இருப்பதால், அதையே அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லிக் கௌசிகனை அனுப்புகிறான்.

தீர்ப்பு இங்கே இருக்கிறது. குற்றம் சாட்டியவனே குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். மாதவியின் அன்பு உண்மையா என்று தேர்வில் கேட்டால், எந்த மாணவியும் இந்தக் காதையைக் காட்டி ஆம் என்று எழுதிவிட்டுப் போகலாம். என்னைப் பல வருஷங்களாக உறுத்துவது வேறு. மாதவிக்கென்று கோவலன் ஒரு வரி பதில் எழுதியதாகக் காப்பியம் சொல்லவில்லை. அவள் எழுதிய கடிதம் அவன் பெற்றோருக்குப் போயிற்று. அவள் குற்றமற்றவள் என்று அவன் சொன்ன சொல் காட்டுவழியில் ஓர் ஆணின் வாயிலிருந்து இன்னோர் ஆணின் காதுக்குப் போயிற்று. எப்போதோ ஒருநாள் அது அவளை எட்டியதா? அடுத்து அவளை வந்தடைவது அவன் கொலையுண்ட செய்திதான்.

மேடையில் இந்தக் காட்சி ஏன் நிற்கவில்லை? கோவலன் ‘என் தீது’ என்று சொல்லிவிட்டால், மதுரையில் அவன் வெட்டுப்படும்போது பார்க்கிறவர்களின் துயரம் கலங்கிவிடும். அவன் அப்பாவியாகவே சாக வேண்டும். அதற்கு ஒரு பாவி வேண்டும். பாண்டியனும் பொற்கொல்லனும் கதையின் கடைசியில்தான் வருகிறார்கள். இரவு முழுக்கக் கோபத்தைத் தாங்கி நிற்க மேடைக்குக் கிடைத்தவள் தாசி. பால சபைகளில் பெண் வேடங்களைக் கட்டியவர்கள் சிறுவர்கள். மாதவியின் தளுக்கையும் குலுக்கையும் ஒரு பையன் ஆடிக்காட்ட, அதைப் பார்த்துப் பெண்கள் மாதவியைத் திட்டினார்கள். பின்னாளில் பெண்களே அந்த வேடத்தில் ஏறியபோது, வேடத்தின் மீதிருந்த சந்தேகம் நடிகையின் சொந்த வாழ்க்கை மீதும் படிந்தது.

சுவாமிகளைக் குறைசொல்லி நான் இதை எழுதவில்லை. சொல்லின் பொருள் கேட்கிறவர் மனதில்தான் முடிவாகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய கோவலன் நாடகத்தில், மதுரைக்குப் போகாதே என்று கண்ணகி தடுக்கும் பாட்டில் ‘மாபாவியோர்’ வாழும் ஊர் என்று வரும். மதுரைக்காரர்கள் கோபப்பட்டபோது, மா என்றால் திருமகள், பா என்றால் கலைமகள், வி என்றால் மலைமகள் என்று சொல்லைப் பிரித்துப் புகழாக்கிக் காட்டினார் என்பது நாடக உலகில் வழங்கும் செய்தி. வசைச்சொல் ஒரு நொடியில் வாழ்த்தானது. ஒரு ஊருக்குக் கிடைத்த அந்தச் சலுகை மாதவிக்குக் கிடைக்கவில்லை. அவள் கானல்வரியை இரண்டாம் முறை பிரித்துப் பார்க்க மேடையில் யாரும் முன்வரவில்லை.

சமாதி இருக்கும் அதே கருவடிக்குப்பத்தில் இன்னோர் இடமும் உண்டு. பாரதி குயில் பாட்டு எழுதக் காரணமான மாந்தோப்பு, குயில் தோப்பு. அந்தக் கவிதையின் கதையும் இதுவேதான். குயில் கவிஞனிடம் காதல் சொல்லிப் பாடுகிறது. மறுநாள் அதே பாட்டைக் குரங்கிடம் பாடுவதைப் பார்க்கிறான், பிறகு மாட்டிடமும். கொதித்துப்போய் வாளை வீசுகிறான். கடைசியில் குயில் முற்பிறவிக் கதையைச் சொல்லி, தான் இரண்டு பேய்களின் மாயத்தில் சிக்கியவள் என்று நிரூபித்த பிறகுதான் ஏற்கப்படுகிறாள். கவிஞன் தன் காதலுக்கு எந்தப் பிறவியின் சாட்சியத்தையும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. சிறுமியாக நான் விளையாடிய ஊரிலேயே, பாடிய பெண் ஒருத்தியைக் கூண்டில் நிறுத்திய இரண்டு கதைகள் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

இது நம் ஊர் நோய் மட்டும் என்றும் நினைத்துவிட வேண்டாம். கதேயின் 1797ஆம் ஆண்டுக் கதைப்பாடல் ஒன்றில், இறைவன் மாறுவேடத்தில் வந்து ஒரு தேவதாசியின் அன்பைச் சோதிக்கிறான். செத்தவன்போலக் கிடக்கிறான். அவள் சிதையில் குதித்த பிறகுதான் அவள் அன்பு மெய் என்று ஏற்று வானுக்கு எடுத்துப்போகிறான். 1830இல் பாரிஸ் மேடையில் இதையொட்டிய இசை நாடகம் பெரும்புகழ் பெற்றது. 1838இல் நம் புதுச்சேரியில் ஒப்பந்தம் போட்டு, திருவகீந்திரபுரத்துத் தேவதாசிகளை நிஜமாகவே பாரிஸுக்கு அழைத்துப்போனார்கள். அமானி என்ற இளம்பெண் அவர்களில் ஒருத்தி. கற்பனைத் தாசியின் காதலுக்குக் கண்ணீர்விட்டு முடித்திருந்த நகரம், உயிருள்ள தாசிகளைக் கட்டணம் கொடுத்துப் பார்த்தது.

மாதவி சிதையில் குதிக்கவில்லை. இதுதான் எனக்கு அவளிடம் மிகவும் பிடித்தது. கோவலன் சாவைக் கேட்டதும் உயிர்விடாமல் இருந்தேனே என்று மணிமேகலையில் நாணத்தோடு பேசுகிறாள், உண்மை. ஆனால் வாழ்கிறாள். அறவண அடிகளிடம் போய்த் துறவு கொள்கிறாள். மணிமேகலையைக் கண்ணகியின் மகள் என்கிறாள், அவளைக் கணிகை வாழ்வுக்கு அனுப்ப மாட்டேன் என்கிறாள். இந்திர விழாவுக்கு ஆட வராதவளை ஊர் பழிக்கிறது. அவளுடைய தாய் சித்திராபதி கொதிக்கிறாள்.

சித்திராபதியை நாம் எளிதாக வில்லியாக்கிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணவன் இறந்தால் உடன் சாகிற குலம் அல்ல நம்முடையது, இது நம் தொழில் என்று அவள் வெளிப்படையாகப் பேசுகிறாள். கோவலன் கொடுத்த 1,008 கழஞ்சின் மறுபக்கம் அவள். காதல் உண்மையா என்ற கேள்வி அவளுக்கு ஆடம்பரம், நாளைய சோற்றுக்கு வழி என்ன என்பதே கேள்வி. மாதவியிடம் அன்பும் பிழைப்பும் ஒரே வீட்டில்தான் இருந்தன. பிழைப்பு இருந்ததாலேயே அன்பு பொய் என்றால், தாலி கட்டிக்கொண்டு கணவன் சம்பளத்தில் வாழும் பெண்களின் அன்பை எந்தத் தராசில் வைப்பது? அவர்களை அப்படிக் கேட்கும் துணிவு யாருக்கும் இல்லை. கேட்கவும் கூடாது.

சீர்திருத்தக் காலமும் இந்தச் சிக்கலிலிருந்து தப்பவில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் எழுதிய நாவலின் பெயரே ‘தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. அந்த வாழ்வை உள்ளிருந்து அறிந்தவர் அவர். பெண்குழந்தைகளை அதில் தள்ளும் முறையை ஒழிக்கப் போராடியவர். முறையின் மேல் அவருக்கு இருந்த கோபம் நியாயமானது. ஆனால் தலைப்பில் வலை தாசிகளுடையது, மதி பெறுகிறவன் மைனர். முறையை உடைக்கவும் பொய்க்காதல் தாசி தேவைப்பட்டாள். 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சட்டம் எப்போது எந்த எல்லையில் வந்தாலும், தாசி என்ற சொல் வசையாகத் தெருவில் தங்கிவிட்டது. கோயிலோடு ஒரு தொடர்பும் இல்லாத எங்கள் தையல்காரம்மாவின் மேல் வந்து விழுந்ததும் அந்தச் சொல்தான்.

அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த மனிதர் இறந்த பிறகும் அவர் அதே வீட்டில்தான் இருந்தார், அதே மிஷினில்தான் தைத்தார். என் கல்லூரிக்கால ரவிக்கைகளும் அவர் தைத்தவைதான். அளவெடுக்கும்போது அவர் விரல்கள் என் தோளில் படும். கேட்டுவிடலாமா என்று பலமுறை நினைத்திருக்கிறேன். உங்களுக்கு அவர் மேல் நிஜமாகவே ஆசை இருந்ததா அக்கா? கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை என்று இன்று தோன்றுகிறது. அந்த மனிதரின் மகன் எப்போதாவது தன் அப்பாவிடம் இதைக் கேட்டிருப்பானா? எங்கள் ஆயா அவரைக் குறித்து ஒருநாளும் ‘நடிப்பு’ என்று சொன்னதில்லை. அவரை ‘நல்ல மனுஷன், ரெண்டு வீட்டையும் பார்த்துக்கிட்டான்’ என்றுதான் சொன்னார்.

ஆயா கடைசிக் காலத்தில் என் வீட்டில் இருந்தார். ஒருநாள் வகுப்புக்காகப் புறஞ்சேரி இறுத்த காதையைப் படித்துக்கொண்டிருந்தவள், அந்த இரண்டாவது கடிதத்தை அவருக்குக் கதையாகச் சொன்னேன். மண் இலச்சினை, நெய் வாசம், தீது என்னுடையது. ஆயா வெற்றிலையை மெல்வதை நிறுத்திக் கேட்டார். “இது நாடகத்துல வரலையே” என்றார். சற்று நேரம் கழித்து, “அந்தப் பொண்ணுக்குச் சேதி போச்சா?” என்று கேட்டார். இல்லை ஆயா என்றேன். அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் மாதவியின் காதல் உண்மையா என்ற கேள்வியை என் வினாத்தாளில் நான் வைப்பதில்லை. வேறு கேள்வி கொடுக்கிறேன்: கூலக்கடைத் தெருவில் வசந்தமாலை நீட்டிய கடிதத்தைக் கோவலன் ஏன் படிக்கவில்லை? சென்ற பருவத்தில் ஒரு மாணவி இரண்டே வரியில் எழுதியிருந்தாள். படித்திருந்தால் பதில் எழுத வேண்டியிருக்கும், அதனால் படிக்கவில்லை என்று. பத்துக்குப் பத்து போட்டேன்.